தானா சுத்தமாகுற பூனை லிட்டர் பாக்ஸ் (பூனை மலம் போற மணல் பெட்டி): கிட்னி மாத்துனவங்க இருக்குற வீட்டுல 4 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

5க்கு 3 ஸ்டார். மெஷினுக்கு மட்டும்னா 4 குடுத்திருப்பேன், பெட்டி மேல பெருசா போட்டிருக்குற ஒரு வரிக்காக ஒண்ணு குறைச்சுட்டேன்.

அக்காவுக்கு கிட்னி மாத்தியிருக்கு, டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட்னு எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை தினமும் போகுது. பூனைய யாருக்கும் குடுக்க வேணாம், ஆனா அதோட மலத்த மட்டும் நீங்க அள்ளக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, காரணம் டாக்சோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி. நல்லா இருக்குறவங்களுக்கு இது வந்தா பெரும்பாலும் வந்ததே தெரியாது, ஆனா உடம்ப விட்டுப் போகாம மூளையிலயும் தசையிலயும் சத்தமில்லாம படுத்துக்கும். ஹெச்ஐவில சிடி4ங்குற எதிர்ப்பு சக்தி செல் எண்ணிக்கை 100க்கு கீழ போனவங்க, கீமோ எடுக்குறவங்க, உறுப்பு மாத்துனவங்க இவங்களுக்குத்தான் அது முழிச்சுக்கிட்டு மூளைய தாக்கும், தலைவலி, காய்ச்சல், குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்குறது வரைக்கும் போகலாம். அக்காவுக்கு ஐஜிஜி ரத்த டெஸ்ட் நெகட்டிவ், அதாவது இதுவரைக்கும் வந்ததில்ல, அதனால இனிமே புதுசா வராம பாத்துக்கணும். அதுக்குத்தான் இந்த பாக்ஸே வாங்குனேன்.

மெஷின் வேலை நல்லாவே செய்யுது. பூனை இறங்கிப் போனதும் கொஞ்ச நேரத்துல டிரம் சுத்தி மணலோட கட்டியான கழிவ மட்டும் கீழ டிராயர்ல தள்ளிடுது, நாத்தம் குறைஞ்சிருக்கு, சத்தமும் அதிகமில்ல, எங்க பூனை ஒரு வாரம் முறைச்சுப் பாத்துட்டு அப்புறம் பழகிடுச்சு.

இப்போ அந்த வரி. "7 நாள் டிராயரைத் தொடவே வேண்டாம்". இத நம்பித்தான் எங்கள மாதிரி வீட்டுக்காரங்க வாங்குவாங்க, எங்களுக்கு இதுதான் தப்பு. பூனைக்கு முதல் தடவை தொற்று வரும்போது 1லேர்ந்து 3 வாரம் வரைக்கும் மலத்துல ஊசிஸ்ட்னு முட்டை மாதிரி ஒண்ணு வெளிய வரும். வந்த உடனே அது யாருக்கும் தொத்தாது, வெளிய கிடந்து பக்குவமாக 1 முதல் 5 நாள் ஆகும், தினமும் அள்ளச் சொல்றதே அதுக்குள்ள தூக்கிப் போடத்தான். மெஷின் அள்ளுதே தவிர வீட்ட விட்டு வெளிய போடல, மேல இருந்தது கீழ வந்து ஈரத்தோட உக்காந்திருக்கு, அவ்ளோதான். ஏழாவது நாள் டிராயர இழுக்குறவங்க கைக்கு கிடைக்குறது பக்குவமானதுதான். கஸ்டமர் கேர்ல இத கேட்டப்போ கார்பன் ஃபில்டர் இருக்குன்னு பதில் வந்துச்சு, ஃபில்டர் நாத்தத்துக்கு சரி, ஊசிஸ்ட்ட அது ஒண்ணும் செய்யாது. இத பெட்டியில ஒரு ஓரத்துலயாவது எழுதியிருக்கலாம்ங்க, ஒரு உயிர் சமாச்சாரம்.

நாங்க தினமும் ராத்திரி டிராயர கொட்டிடுறோம், நான்தான், கிளவுஸ் போட்டு. அப்போ சாதா டிரேவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பீங்க. மணல் வெளிய சிதறல, கிளறி அள்ளும்போது கிளம்புற தூசி இல்ல, அது எனக்கு பெரிய விஷயம். ஆனா கழுவுறதுல சாதா டிரேதான் ஜெயிக்குது. பிளீச்சிங் போட்டாலும் ஊசிஸ்ட் சாகாது, கொதிக்குற தண்ணிதான் கேக்கும், இதுல டிரம்முக்கு அடியில மோட்டாரும் சென்சாரும் இருக்கு, சுடுதண்ணி ஊத்த முடியாது, ரப்பர் விளிம்புல ஒட்டிக்கிறத ஈரத்துணியால துடைச்சுத்தான் எடுக்கணும்.

பாக்ஸ் வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னும் இருந்துடாதீங்க, சரியா வேகாத கறி, கழுவாத காய், தோட்டத்து மண்ணு வழியாவும் இது வரும். கொத்துக்கறின்னா உள்ள 71 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு ஏறணும். பூனைக்கும் பச்சைக்கறி போடாதீங்க, வெளிய வேட்டைக்கு விடாதீங்க, அதுக்கு வரலன்னா பாக்ஸுக்கும் வராது.

அள்ளிப் போட வேற ஆள் இருக்குற வீடுன்னா தாராளமா வாங்கலாம். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க பூனையோட தனியா இருக்காங்கன்னா இத நம்பி வாங்காதீங்க, தினமும் வந்து கொட்ட யாரையாவது ஏற்பாடு பண்ணுங்க, அதுக்கு வழியே இல்லன்னா ஒரு நாள் கூட விடாம கிளவுஸ், மாஸ்க் போட்டு கொட்டிட்டு சோப்பு போட்டு கைய நல்லா கழுவுங்க, அடுத்த செக்கப்ல ஐஜிஜி டெஸ்ட் பத்தியும் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.