கும்பகோணத்திலிருந்து வெளிநாட்டுக்குக் கார்டு அனுப்பிய ஆறு வருடம்

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஒரு தடவை லீவில் வந்தபோது கொண்டுவந்த பெட்டியில்தான், விளையாடவும் சேகரிக்கவும் வாங்கும் படம் போட்ட போகிமான் கார்டுகளை முதலில் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பெட்டியில் இருந்த சில கார்டுகள் இப்போது என்னிடமிருந்து சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் என்று வேறு சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. முதலில் நண்பர்களோடு மாற்றிக்கொள்வதாகத் தொடங்கியது, பிறகு விற்பனையானது. விற்பனை என்று ஆன பிறகு 500 ரூபாய் கட்டி ஏற்றுமதியாளர் எண்ணான ஐஇசி வாங்கிவிட்டேன். தொடர்ந்து விற்பவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர், இரண்டு கிராம்கூட எடை இல்லை. ஆனால் தனியார் கூரியரில் கேட்டால் அரை கிலோவுக்கான கட்டணத்தைத்தான் சொல்வார்கள், அது சில ஆயிரம் ரூபாய் வரும். மூவாயிரம் ரூபாய் கார்டுக்கு யார் அதைக் கொடுப்பார்கள்? அதனால் நான் பெரும்பாலும் நம்புவது இந்தியா போஸ்ட்டின் இன்டர்நேஷனல் டிராக்டு பாக்கெட் சேவையைத்தான். எடைக்குத் தகுந்த கட்டணம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், டிராக்கிங்கும் உண்டு. விலை அதிகமான கார்டு, அதிலும் தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் அடைத்து வந்த கார்டு என்றால் ஸ்பீடு போஸ்ட்டின் வெளிநாட்டு விரைவு அஞ்சலான இஎம்எஸ். அங்கே கட்டணம் கூடினாலும் கவலை குறைகிறது. எல்லா நாட்டுக்கும் இரண்டும் இருக்காது என்பதால் கவுன்டரில் கேட்டுவிட்டு, அப்புறம் வாங்குபவரிடம் கட்டணம் சொல்லுங்கள்.

மலிவாக முடித்துத் தருகிறேன் என்று சொன்ன ஒரு ஏஜென்டிடம் 2021இல் நான்கு கார்டுகளைக் கொடுத்தேன். அவர் தந்த எண் அவருடைய பில் நம்பர்தான், எந்தத் தளத்தில் போட்டாலும் எதுவும் காட்டவில்லை. ஏழு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒரு கார்டின் மூலை மடங்கியிருந்தது. வாங்கியவருக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சரியான டிராக்கிங் எண் எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் இந்தியாவைக் குறிக்கும் ஐஎன். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை இது. அதனால் பார்சல் இந்தியாவை விட்டுப் போனதும் அதே எண்ணை அந்த நாட்டு அஞ்சல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். நடுவே பத்து நாள்கூட எந்தத் தகவலும் மாறாமல் இருக்கும், பயப்பட வேண்டாம். வாங்குபவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

பேக்கிங்கில்தான் நம்ம ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா காற்றில் இருக்கும் ஈரம், மேலே மினுங்கும் படலம் ஒட்டிய ஃபாயில் கார்டுகளுக்கு எதிரி. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே உள்ள ஃபாயில் விரியாது. அதனால் கார்டு படம் இருக்கும் பக்கமாக உள்வாங்கி வளைகிறது. மழை நாளில் அப்படியே உறையில் போட்டு ஒட்டினால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் அனுப்புகிறோம். நான் செய்வது, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்து, வெயில் அடிக்கும் மதியமாகப் பார்த்து ஒட்டுவது. கார்டை மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்டு, டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறையில் செருகி, அதன் வாயைப் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் மூடுவேன். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், பிரிப்பவர் கத்தி எடுப்பார், கார்டில் கீறல் விழும். அப்புறம் ஒரு ஜிப் கவர். அதற்கு இரு பக்கமும் அட்டை. அட்டைக்குத் திருபுவனம் பட்டுப் புடவை வந்த பெட்டிகளை அம்மாவிடம் கேட்டு வாங்கி வெட்டிக்கொள்கிறேன். நல்ல விறைப்பு, எடையும் கூடாது. ஓர் அட்டையின் இழை நெடுக்காகவும் இன்னொன்று குறுக்காகவும் இருக்கும்படி வைத்தால் எந்தப் பக்கமும் எளிதில் வளையாது. கடைசியாக பபுள் கவர்.

கஸ்டம்ஸ் படிவத்தில் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லி வாங்குபவர்கள் கேட்பார்கள். நான் எழுதுவதில்லை. பொய் என்பது ஒன்று. தொலைந்துபோனால், பத்து டாலர் என்று எழுதிய பார்சலுக்கு நூறு டாலர் கேட்க முடியாது என்பது இன்னொன்று. 'கிஃப்ட்' என்று எழுதுவதும் இதே கதைதான். சிங்கப்பூருக்குத் தபாலில் போகும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவு உட்பட 400 சிங்கப்பூர் டாலருக்குள் இருந்தால் அங்கே இறக்குமதி ஜிஎஸ்டி கேட்பதில்லை, அதனால் பொய் சொல்லத் தேவையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து சின்ன பார்சலுக்கும் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி உண்டு, அதை வாங்குபவர் கட்ட வேண்டும் என்று முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காதான் கடந்த ஆண்டு படுத்திவிட்டது. 800 டாலருக்குள் வரி இல்லை என்றிருந்த சலுகையை அவர்கள் 2025 ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தியதையொட்டி இங்கே அந்த நாட்டுக்கான பார்சல் புக்கிங் நின்றது. அக்டோபர் நடுவில் மறுபடி தொடங்கியபோது, அந்த நாட்டு வரியை இங்கே புக் செய்யும்போதே கட்டும் முறை வந்தது. எனக்கு இது நல்லதாகவே படுகிறது, வாங்குபவர் வாசலில் திடீர்ச் செலவு கிடையாது. ஆனால் விகிதம் மாறக்கூடியது, அனுப்பும் நாளன்று கேட்டுவிட்டுத்தான் நான் விலையே சொல்கிறேன்.

இந்த வாரம் ஒசாகாவுக்கு ஒரு ஃபாயில் கார்டு போக வேண்டும். மூன்று நாளாக மழை விடவில்லை. டப்பாவில் இருக்கிறது, வாங்கியவரிடம் காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்டிருக்கிறேன்.