பச்சை விளக்கை நம்பி சரக்கு அனுப்பாதீர்கள்: ஒரு தடைக் கண்காணிப்புச் சேவை பற்றி

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ரசாயன ஆலைகளுக்கு வால்வு அனுப்பும் நிறுவனத்தில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. எங்கள் வால்வுகளில் சில இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில், அதாவது சாதாரண வேலைக்கும் ராணுவ வேலைக்கும் பயன்படக்கூடிய பொருட்களின் பட்டியலில், வருபவை. அதனால் ஏற்றுமதி லைசென்ஸ், தடைப்பட்டியல் (யாருடன் வியாபாரம் கூடாது என்ற பெயர்ப்பட்டியல்) எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல ஒரு சேவைக்குப் பல வருடங்களாகச் சந்தா கட்டுகிறோம்.

பெயர் சரிபார்ப்பில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாங்குபவர் பெயரை நான்கு விதமாக எழுதினாலும் பிடித்துவிடும். பின்னால் இருக்கும் முதலாளி யார் என்பதுவரை தோண்டித் தரும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கோளாறு லைசென்ஸ் பக்கத்தில்தான். ஒவ்வொரு லைசென்ஸுக்கும் ஒரு வரி, பக்கத்தில் ஒரு விளக்கு. காலாவதியாக நாள் இருந்தால் பச்சை. 2022 பிப்ரவரி 28, திங்கட்கிழமை காலை திறந்தேன். ரஷ்ய வாடிக்கையாளருக்கான லைசென்ஸ் பச்சையாகவே இருந்தது. கிடங்கில் பெட்டிகள் ஆணி அடித்துத் தயார், இன்வாய்ஸும் அச்சாகியிருந்தது. ஆனால் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததால், அங்கே இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்களை அனுப்ப ஐரோப்பிய ஒன்றியம் போட்ட புதிய தடை சனிக்கிழமையே அமலுக்கு வந்துவிட்டது. லைசென்ஸின் கடைசித் தேதி மாறவில்லை, அதற்கு அடியில் இருந்த சட்டம் மாறிவிட்டது. அதை அந்த விளக்கு சொல்லவில்லை.

புதிய விதி கேட்டது வேறொரு தேதியை. பிப்ரவரி 26க்கு முன் போட்ட ஒப்பந்தமா? வாங்குபவரும் பயன்பாடும் ராணுவம் சாராததா? அப்படியானால் அந்த வருடம் மே 1க்கு முன் அனுமதி கேட்கலாம் என்றிருந்தது, கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகள் கையில். ஆக, நான் தேட வேண்டியிருந்தது கையெழுத்தான நாளை. அதைப் பதிந்துவைக்க இந்தச் சேவையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது! விற்பனைப் பிரிவின் கோப்புகளைப் புரட்டி எடுத்தேன். மூன்று ஆர்டரில் இரண்டு நவம்பரில் கையெழுத்தானவை. மூன்றாவதில் பேச்சு முடிந்திருந்தது, கையெழுத்து விழவில்லை. அதை அன்றே ஓரமாக வைத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தேதி விஷயம் இடத்துக்கு இடம் மாறும். அதே வாரம் அமெரிக்கா போட்ட விதியில் பிப்ரவரி 24 அன்று சரக்கு எங்கே இருந்தது என்பதே கேள்வி. ஏற்கெனவே வழியில் இருந்ததற்குக் கொஞ்ச நாள் அவகாசம் இருந்தது. 2018 மே மாதம் ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியபோது வியாபாரத்தை முடித்துக்கொள்ள 90 நாள், 180 நாள் என்று இரண்டு கெடு வைத்தார்கள். 2024 மே மாதம் சீன நிறுவனமான ஹுவாவேக்குச் சில்லு விற்கக் கொடுத்திருந்த சில லைசென்ஸ்களை நேராக ரத்தே செய்துவிட்டார்கள். அவற்றில் என்ன கடைசித் தேதி எழுதியிருந்தால் என்ன?

சேவையின் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால், "உங்கள் லைசென்ஸ் செல்லும் சார், விதி உங்கள் பொறுப்பு" என்று முடித்துக்கொண்டார். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தந்தது. விதியும் லைசென்ஸும் ஒரே திரையில் இருக்கும்போது இரண்டையும் ஒப்பிடாமல் பச்சை காட்டுவது ஆபத்து. அந்தப் பெட்டிகள் கிளம்பியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

இப்போது பெயர் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்திருக்கிறோம். லைசென்ஸுக்கு நானே ஒரு எக்செல் தாள் போட்டிருக்கிறேன்: ஒப்பந்தத் தேதி, ஏற்றிய தேதி, லைசென்ஸ் கொடுத்த தேதி, இறுதிப் பயனர். புதிய தடை வந்தால் முதலில் திறப்பது அதைத்தான். பெயர் தேட மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஐந்துக்கு நான்கு தருவேன். லைசென்ஸ் கவனிக்க என்றால் ஒன்றுக்கு மேல் தர மாட்டேன்.