ஈபி-1ஏ விண்ணப்பத்துக்காக நான்கு ஆண்டுகள் வைத்திருந்த ஆதாரக் கோப்பு

2020 கடைசியில் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுகளில் ஆராய்ச்சி செய்கிறேன். அமெரிக்காவில் ஈபி-1ஏ பிரிவில், அதாவது தம் துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான பிரிவில், கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. இதற்கு நிறுவனத்தின் கையெழுத்து தேவையில்லை, நாமே ஐ-140 என்ற மனுவை அனுப்பலாம். ஆனால் ஆதாரம் சேர்க்கும் வேலையும் முழுக்க நம்முடையதே.

நோபல் அளவுக்குப் பெரிய விருது இல்லாதவர்கள் 10 தகுதிகளில் குறைந்தது 3-ஐக் காட்ட வேண்டும். நான் பத்துக்கும் பத்து ஃபோல்டர் போட்டேன். ஆறு மாதம் கழித்தும் ஆறு காலியாகவே கிடந்தன, அழித்துவிட்டேன். இல்லாததைத் தேடி ஓடுவதை அத்தோடு நிறுத்தியதில்தான் மீதி நான்கும் நிறைந்தன.

என் பெரிய இழப்பு 2021-இல். வேலை மாறிய அன்று மாலையே பழைய அலுவலக மெயில் மூடப்பட்டது. ஆய்விதழ்களுக்கு வரும் பிறர் கட்டுரைகளை நான் மதிப்பீடு செய்து கொடுத்ததற்கான நன்றிக் கடிதங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. மதிப்பீடு செய்ய அழைப்பு வந்தது என்று காட்டினால் போதாது, செய்து முடித்ததைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு இதழுக்கும் எழுதிக் கேட்டு, பாதியைத்தான் மீட்க முடிந்தது. அதன்பிறகு எல்லா இதழ்களிலும் சொந்த மெயிலையே கொடுத்தேன். ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் வெப் ஆஃப் சயின்ஸ் தளத்தில் உள்ள என் கணக்கிலும் அவற்றைப் பதிவு செய்துகொண்டேன்.

ஊரில் ஒரு தமிழ் இதழ் என்னைப் பற்றி எழுதியிருந்தது. அம்மா கத்தரித்து வைத்திருந்த துண்டில் தேதியும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. இரண்டும் அவசியம். கூடவே முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் சான்றும் வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்காக ஒரு மாதம் போனது.

என் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையைப் பெரிதாக நம்பியிருந்தேன். வழக்கறிஞர் கேட்டது வேறு: "உங்கள் முறையை எடுத்து யார் வேலை செய்தார்கள்?" அதற்காக என்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பெரும்பாலானவை முன்னுரையில் ஒரு வரியோடு கடந்துபோயின. மூன்று குழுக்கள் மட்டும் செய்முறைப் பகுதியிலேயே என் முறையைப் பின்பற்றியதாக எழுதியிருந்தன. அந்த வரிகளை மஞ்சளில் குறித்துத் தனியாக எடுத்து வைத்தேன். அந்தக் குழுக்களில் ஒன்றில், என்னோடு ஒருநாளும் வேலை செய்திராத ஒருவர் கொடுத்த கடிதம், என் முன்னாள் வழிகாட்டியின் இரண்டு பக்கப் பாராட்டைவிட உதவியது.

2024-இல், கூடுதல் கட்டணத்துக்கு விரைவாகப் பரிசீலிக்கும் பிரீமியம் முறையில் அனுப்பினேன். 15 வேலை நாளுக்குள் பதில் வந்தது, கூடுதல் ஆதாரம் கேட்டு. 2010-இல், இதே பிரிவில் தன் மனு மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கசாரியன் என்பவர் தொடுத்த வழக்கின் தீர்ப்பு வந்ததிலிருந்து பரிசீலனை இரண்டு கட்டம்: மூன்று தகுதியைத் தாண்டிய பிறகும் மொத்தக் கோப்பையும் சேர்த்து எடைபோடுவார்கள். என் முறையைப் பின்பற்றிய அந்த மூன்று குழுக்களின் கட்டுரைகளையும் நான் பின்னால் புதைத்து வைத்திருந்தது என் தவறு. அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து பதில் அனுப்பினேன், ஐ-140 ஒப்புதலானது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-1-லும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் வரிசை உண்டு. அது வேறு கதை.

போன மாதம் மைத்துனன் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தான். அவனுக்கு ஒரு காலி எக்செல் தாள் அனுப்பினேன், நான்கு கட்டங்களோடு: தேதி, என்ன நடந்தது, எங்கே பிடிஎஃப் இருக்கிறது, நமக்கு அறிமுகமில்லாத யார் இதைச் சொல்கிறார்கள். கடைசிக் கட்டம் என் தாளில் 2023 வரைக்கும் இல்லை.