மெதொட்ரெக்சேற் பிடிக்கும்வரை எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

முடக்குவாதத்துக்கு மெதொட்ரெக்சேற் தொடங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் ஒரே கடுப்புத்தான். குளிசையைத் தந்துவிட்டு டொக்டர் சொல்வார், இது பிடிக்க 6 கிழமை ஆகும், சில ஆக்களுக்கு 12 கிழமையும் போகும் என்று. சரி, அதுவரைக்கும்? விடிய எழும்பினால் கை இரண்டும் பொத்திப் பிடிக்க ஏலாமல் கட்டை மாதிரிக் கிடக்கும், ஆறரைக்குள் இடியப்பம் பிழிந்து இறக்க வேண்டும், ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும், இந்த 12 கிழமையை எதை வைத்துத் தாண்டுவது?

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். படிப்பிக்கிற ஆள். கிளினிக் மட்டக்களப்பில். போன ஐப்பசியில், மழை பிடிக்க முன்னம், கிழமைக்கு 10 மில்லிகிராம் என்று மெதொட்ரெக்சேற் தொடங்கினார்கள். அந்த மூன்று மாதத்தில் நோவுக்குக் கிடைத்த வழிகளில் முக்கால்வாசியைப் பாவித்துப் பார்த்துவிட்டேன், சிலது டொக்டர் சொல்லி, சிலது என்னுடைய புத்தியால். மச்சாளுக்கும் இதே வருத்தம். அவள் அக்கரைப்பற்றில், அவளுக்குக் கதை வேறு மாதிரிப் போனது. ஆகவே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்க என்னிடம் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. நான் டொக்டர் இல்லை, உங்களுடைய ஈரலும் சிறுநீரகமும் என்னுடையது மாதிரி இராது, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வியால் அளக்கிறேன். முதலாவது எல்லாரும் கேட்பதுதான்: இன்றைய நாள் ஓடுமா? இரண்டாவதைக் கேட்க எனக்குப் பிந்தித்தான் புத்தி வந்தது: இதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது புது மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவருமா? நோவை முழுசாக மூடுகிற மருந்து, மெதொட்ரெக்சேற் பிடித்ததா இல்லையா என்பதையும் சேர்த்தே மூடிவிடும். மூன்றாம் மாதம் டொக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்க, நல்லம் என்று சொல்லிவிட்டு வந்தால், அந்த நல்லம் எந்தக் குளிசையினுடையது?

பனடோலை, அதாவது பரசிட்டமோலை, முதலில் முடித்துவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. இந்த வருத்தத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி நம்முடைய மூட்டின் உள்சவ்வையே அடிக்கிறது, அங்கே வீங்குகிறது, அந்த வீக்கம்தான் நோ. பனடோல் வீக்கத்தைத் தொடுவதே இல்லை. இரவில் நித்திரை கொள்ளக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். 500 மில்லிகிராம் குளிசை நாளைக்கு 8க்கு மேல் போகக் கூடாது என்பது பொது வரம்பு; மெதொட்ரெக்சேற்றும் ஈரலோடு சொறிகிற மருந்து என்பதால் அந்த 8ஐயும் நாளாந்தம் விழுங்குவது சரியில்லை. இரண்டாவது கேள்வியில் மட்டும் பாஸ். எதையும் மறைக்காது, மறைக்கிற அளவுக்குப் பலம் கிடையாது.

அப்புறம் டைக்ளோபெனாக். ஊரில் நோவுக் குளிசை என்றால் இதுதான். முதல் ஐந்து கிழமையும் நான் இதில்தான் ஓடினேன், 50 மில்லிகிராம், காலையும் இரவும், வயிற்றுக்கு ஒமெப்ரசோல் சேர்த்து. பொய் சொல்லக் கூடாது, விழுங்கி ஒரு மணித்தியாலத்தில் விரல் இளகும். அதனால்தான் ஆபத்தும். கார்த்திகையில் தவணைப் பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாக மேசையில் கிடந்தது, சிவப்புப் பேனையைப் பிடிக்க ஏலவில்லை, வழியில் ஒரு பாமசியில் இறங்கி நோவுக்கு ஏதாவது தாங்கோ என்றேன், வேறு பெயர் போட்ட ஒரு மட்டை தந்தார்கள். அது இபுபுரூபன். டைக்ளோபெனாக்கின் சொந்தக்காரன், ஒரே குடும்பம், இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. பெட்டியைத் திருப்பிப் பார்க்காமல் நாலு நாள் இரண்டையும் போட்டேன். ஐந்தாம் நாள் வயிற்றில் எரிவு, மலம் தார் மாதிரிக் கறுப்பு. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும், அதைக் கண்டால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும். நான் போனேன், ஏச்சும் வாங்கினேன், இரண்டு குளிசையும் நின்றது.

வயிறு ஒரு பக்கம் இருக்கட்டும். மெதொட்ரெக்சேற் உடம்பை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக, டைக்ளோபெனாக் அந்தச் சிறுநீரகத்தின் வேலையை மந்தமாக்கக் கூடியது. கிழமைக்கு ஒருமுறைச் சின்ன அளவோடு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற டொக்டர்மார் நிறையப் பேர், அதில் பிழை இல்லை, ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் இரத்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. நம்முடைய இடத்துக்கென்றே இன்னொன்று இருக்கிறது: டெங்கு. மாரிமழையோடு நுளம்பு பெருகும், காய்ச்சலும் உடம்பு நோவும் சேர்ந்து வரும், வாதக்காரருக்கு அது வாத நோ மாதிரியே இருக்கும், கை தானாக டைக்ளோபெனாக் மட்டைக்குத்தான் போகும். டெங்குவில் அந்த வகைக் குளிசை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் காய்ந்தால் அதை நிறுத்தி, பனடோல் மட்டும் போட்டுக்கொண்டு இரத்தம் சோதிக்கப் போக வேண்டும். அந்தக் கிழமை மெதொட்ரெக்சேற் போடுவதா விடுவதா என்பதையும் டொக்டரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஆனாலும் இரண்டாவது கேள்வியில் டைக்ளோபெனாக்குக்கு நல்ல புள்ளி கொடுப்பேன். அது கெதியில் உடம்பை விட்டுப் போய்விடுகிற மருந்து. முதல் நாள் இரவும் அன்று காலையும் விட்டுவிட்டுக் கிளினிக்குக் கை நீட்டினால் உண்மை அப்படியே வெளியில் நிற்கும்.

பிரெட்னிசோலோன் நேர் எதிர். இது ஸ்டீரொய்ட், வீக்கத்தைக் கெதியில் அடக்குகிற வகை. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான கோர்ட்டிசோனை 1948இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற டொக்டர் முடக்குவாதக்காரப் பெண் ஒருவருக்கு ஏற்றினார். கட்டிலில் புரளவே கஷ்டப்பட்டவர் சில நாளில் எழும்பி நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. கொஞ்சக் காலம் போகத்தான் முகம் ஊதுவதும் எலும்பு உளுப்பதும் தெரியவந்தது. எங்கள் வீட்டில் இந்தக் கதை முழுசாக நடந்திருக்கிறது: பெரியம்மா வருசக்கணக்கில் டொக்டரின் பழைய மருந்துத் துண்டைக் காட்டிக் காட்டி இதை வாங்கிப் போட்டவர், முகம் பூசணிக்காய், சீனி வருத்தமும் வந்தது, கடைசியில் கிணற்றடியில் சின்னதாய் ஒரு வழுக்கல், இடுப்பெலும்பு போய்விட்டது. ஆகவே டொக்டர் பிரெட்னிசோலோன் என்று எழுதியதும் எனக்கு வயிறு கலங்கியது.

அவர் எழுதியது 7.5 மில்லிகிராம். காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு. நான்கு கிழமை அப்படியே, பிறகு இரண்டு கிழமை 5, பிறகு இரண்டு கிழமை 2.5, பிறகு இல்லை. முடிகிற திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதி அடியில் கோடு போட்டுத் தந்தார். மூன்றாம் நாள் விடிய நான் யோசிக்காமலே இடியப்ப உரலை எடுத்துவிட்டேன். மாவை அடைத்து, இரண்டு கைப்பிடியையும் சேர்த்து அமத்தினேன், தட்டில் நூல் இறங்குகிறது. பாதித் தட்டு முடிந்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. டைக்ளோபெனாக்கில் இப்படி ஒரு காலை எனக்கு வந்ததே இல்லை.

அது எடுத்த கூலியையும் சொல்ல வேண்டும். பசி, இரவு பதினொரு மணிக்கும் பிட்டுப் பானையைத் திறந்து பார்க்கிற பசி. முதல் கிழமை நித்திரை குறைவு. சீனி இல்லாத எனக்கே சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்த அளவு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. மூன்று கிழமைக்கு மேல் போட்டவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தன்னுடைய சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். பெரியவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை: அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2021இல் விட்ட வழிகாட்டி, கூடுமானவரை ஸ்டீரொய்ட் இல்லாமலே புது மருந்தைத் தொடங்கச் சொல்கிறது, ஐரோப்பியர்களின் 2022 பரிந்துரை, தொடக்கத்தில் கொஞ்சக் காலம் யோசிக்கலாம், ஆனால் எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாகக் குறைத்து நிறுத்து என்கிறது. பெரியம்மாவைப் பார்த்த எனக்கு அமெரிக்கன் சொல்வது விளங்குகிறது. அந்த இடியப்பக் காலையைக் கண்ட பிறகு நான் ஐரோப்பியன் பக்கம், முடிகிற திகதி எழுதியிருந்தால் மட்டும்.

இரண்டாவது கேள்வியில்தான் இது மோசமாகச் சறுக்கும். 7.5இல் இருக்கும்போது மெதொட்ரெக்சேற் வேலை செய்கிறதா என்று ஒரு இழவும் தெரியாது. அதற்கு நான் செய்தது, ஒரு சின்னக் கொப்பியில் தினமும் இரண்டு நேரம் குறித்தேன்: கண் விழித்த நேரம், விரல் நுனி நாலும் உள்ளங்கையைத் தொட்ட நேரம். இடையில் உள்ள நிமிடம்தான் அன்றைய விறைப்பு. ஐப்பசியில் 110, 100, 115. பிரெட்னிசோலோன் தொடங்கிய கிழமை 15. பிறகு குளிசை 5 மில்லிகிராமுக்கு இறங்கியபோது 25. கூடினாலும் பழைய 110 இல்லை. இந்த இலக்கங்களைக் காட்டியபோது டொக்டர் கொப்பியை வாங்கி இரண்டு தாள் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தார், அதுவரை ஒருநாளும் அவ்வளவு நேரம் என் கதையைக் கேட்டதில்லை.

மச்சாளுக்குக் கொடுத்தது குளிசை இல்லை, பிட்டத்தில் போடுகிற ஸ்டீரொய்ட் ஊசி, ஒன்றே ஒன்று. சில கிழமைக்கு அது மெல்ல மெல்லக் கரைந்து வேலை செய்யும். வீட்டில் மட்டை இல்லை என்பதால் பெரியம்மா கதை நடக்க வழி இல்லை, குறைக்கிற கணக்கும் இல்லை, அதை நான் பெரிய நன்மையாகவே எடுக்கிறேன், மறதிக்காரருக்கும் நோ வந்தால் கை அடங்காதவருக்கும் இதுதான் பொருத்தம். ஆனால் அவளுக்குச் சீனி இருக்கிறது. ஊசிக்குப் பிறகு சீனி ஏறியது, குளிசை என்றால் பாதியாக்கலாம், போட்ட ஊசியை என்ன செய்வது? சீனி மருந்தைக் கூட்டித்தான் சமாளித்தார்கள்.

எண்ணெய், ஒத்தடம், முடக்கொத்தான் ரசம். மாமி வீட்டுக்கு வந்தால், "என்னகா, இன்னும் அந்த இங்கிலிஸ் மருந்தோடயா கிடக்காய்?" என்றுதான் தொடங்குவார். விடியச் சுடுதண்ணிக்குள் கையை வைத்து விரலை மடக்கி நீட்டினால் எனக்குப் பத்துப் பதினைந்து நிமிட விறைப்பு மிச்சம், அதை இன்றைக்கும் விடவில்லை. ரசம் ருசி. பெயர் எழுதாத சரையில் வருகிற வாதத்தூளுக்கு மட்டும் நான் எதிரி, இரண்டு நாளில் அற்புதம் காட்டினால் உள்ளே ஸ்டீரொய்ட் கலந்திருக்கச் சாத்தியம் உண்டு, பல நாடுகளில் சோதித்துப் பிடித்திருக்கிறார்கள்.

மெதொட்ரெக்சேற்றைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட ஏலாது, எதோடு சேர்த்துப் போட்டாலும் அது கிழமைக்கு ஒருமுறைதான். நாளாந்தம் போட்டு உயிர் போன ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் சனி இரவு, சாப்பிட்ட பிறகு, 2.5 மில்லிகிராம் குளிசை நாலு. போட்டதும் கலண்டரில் சுழி. 10 மில்லிகிராம் குளிசையும் இருக்கிறது, மட்டை மாறினால் எண்ணிக்கையும் மாற வேண்டும். ஞாயிறு வயிறு பிரட்டும், தலை பாரமாக இருக்கும், திங்கள் பள்ளிக்கூடத்துக்குள் தெளிந்துவிடும், இதோடு சேர்த்துத் தருகிற போலிக் அமில விற்றமினை ஒழுங்காகப் போட்ட பிறகு அதுவும் குறைந்தது.

ஆக எனக்கு அமைந்த வரிசை: திகதி போட்ட பிரெட்னிசோலோன் முதலாவது, வயிறும் சிறுநீரகமும் சுத்தமானவருக்கு இரண்டு மூன்று நாள் அவசரத்துக்கு டைக்ளோபெனாக் இரண்டாவது, மிச்சமெல்லாம் துணைக்கு. மச்சாள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். சீனிக்காரருக்கு ஸ்டீரொய்ட் முதலாவதாக வரவே கூடாது என்பது அவளுடைய கட்சி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிரெட்னிசோலோன் 2.5ஐயும் விட்ட முதல் கிழமை கொப்பியில் 50, 55, 45 என்று ஏறியது, பயந்துபோனேன். மூன்றாம் கிழமை 30. டொக்டர் மெதொட்ரெக்சேற்றைக் கிழமைக்கு 15 மில்லிகிராம் ஆக்கினார், இரத்தச் சோதனை சரி என்ற பிறகு. இப்போது 20 நிமிடத்தில் நிற்கிறது, வலது மோதிர விரல் மட்டும் இன்னும் உள்ளங்கையைத் தொடச் சுணங்கும். இடியப்ப உரலை மகன் அமத்துகிறான், எனக்குத் தட்டைச் சுற்றுகிற வேலை.