காற்றுக்குழாய்க் கசிவு: எதைக் கொண்டு அடைப்பது, எதை மாற்றுவது, காற்றோட்டத்தை எப்படி அமைப்பது

வீடு முழுவதையும் ஒரே இயந்திரத்தால் குளிர்விக்கும் அல்லது சூடேற்றும் அமைப்பை வாங்கும்போது, இயந்திரத்தின் திறனைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். அந்தக் காற்றை அறைகளுக்குக் கொண்டுசேர்க்கும் குழாய்களைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒரு சாதாரண வீட்டில் குழாய்களுக்குள் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை விரிசல்களிலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளிலும் வீணாகிறது என்பது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எனர்ஜி ஸ்டார் திட்டம் தரும் மதிப்பீடு. இந்த இழப்பைக் குறைக்கச் சந்தையில் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் விற்பவர் அதுவே போதும் என்கிறார். எந்த வழி எந்தக் குறைக்குப் பொருந்தும் என்பதையும், அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம். என் கருத்தில் பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிட வரிசையைச் சரியாக வைப்பதே பணத்தையும் உடல்நலத்தையும் அதிகம் காக்கிறது.

சப்ளை கசிவும் ரிட்டர்ன் கசிவும்

அறைகளுக்குக் காற்றை அனுப்பும் சப்ளை குழாயில் ஏற்படும் கசிவும், அறைகளிலிருந்து காற்றை இயந்திரத்துக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயில் ஏற்படும் கசிவும் ஒரே விதமாகத் தோன்றினாலும் விளைவில் வேறுபடுகின்றன. இயந்திரம் வீட்டுக்குள்ளிருந்து 100 பங்கு காற்றை இழுத்து, அதில் 80 பங்கை மட்டுமே அறைகளில் சேர்த்து, எஞ்சிய 20 பங்கைக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில் கொட்டினால், அந்த 20 பங்குக்கு ஈடான வெளிக்காற்று கதவிடுக்கு, சன்னல் இடுக்கு, சுவரின் மின்கம்பித் துளை என்று கிடைத்த வழியிலெல்லாம் உள்ளே வந்தே தீரும். பணம் கொடுத்துக் குளிர்வித்த காற்று வெளியே போகிறது, குளிர்விக்காத காற்று உள்ளே வருகிறது. இது இரட்டை நட்டம். இதைவிடக் கவலை தருவது அழுத்தக் குறைவு. எரிவாயுவில் இயங்கி, புகைபோக்கி வழியே இயல்பாகப் புகையை வெளிவிடும் வாட்டர் ஹீட்டரோ, வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸோ அந்த வீட்டில் இருந்தால், மேலே செல்ல வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் வரக்கூடும்; அதில் மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கலாம்.

ரிட்டர்ன் குழாயோ உறிஞ்சும் குழாய் என்பதால், ஓட்டை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் காற்றை அது இழுத்துக்கொள்ளும். உட்கூரை வெளியில் இருந்தால் வெப்பமும் காப்பு இழைத் தூசியும், தரைக்கு அடியில் இருந்தால் மண்ணின் ஈரமும், கராஜில் இருந்தால் வண்டிப் புகையும் எரிபொருள் ஆவியும் படுக்கையறைவரை வந்துவிடும். ஓட்டை வடிகட்டிக்கும் விசிறிக்கும் இடையில் இருந்தால், எவ்வளவு உயர்ந்த வடிகட்டி போட்டிருந்தாலும் அந்தக் காற்று அதனைத் தொடாமலேயே போய்விடும். ஆகவே முற்றிலும் கழன்று கிடக்கும் இணைப்புகளை எந்தப் பக்கமாயினும் முதலில் பூட்டிவிட்டு, அடுத்ததாகக் கராஜின் வழியே செல்லும் ரிட்டர்ன் பகுதியையும், அதன்பின் விசிறிப் பெட்டியை ஒட்டிய இணைப்புகளையும் பார்க்க வேண்டும் என்பேன். விசிறிக்கு அருகில் அழுத்தம் மிகுதி. அங்குள்ள சிறு இடுக்கு, கடைசி அறையின் பெரிய இடுக்கைவிட அதிகம் கசியக்கூடும். மாறாக, குளிர்விக்கப்படும் அறைகளுக்குள்ளேயே ஓடும் குழாயில் கசிவு இருந்தால் காற்று வீட்டுக்குள்ளேயே தங்குவதால் அதற்கு அவசரம் இல்லை.

மாஸ்டிக், ஃபாயில் டேப், ஏரோசால்

முதலில் விலக்க வேண்டியதை விலக்கிவிடலாம். டக்ட் என்றால் காற்றுக்குழாய்; ஆனால் பெயரிலேயே டக்டைக் கொண்டிருக்கும் டக்ட் டேப் என்னும் துணி டேப், டக்டை அடைக்க ஏற்றதன்று. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் 1990களின் பிற்பகுதியில் பலவகை அடைப்புப் பொருள்களைத் தொடர்ந்து சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றி உட்படுத்திச் சோதித்தபோது, ரப்பர் பசை கொண்ட துணி டேப்புகளே தோற்றன; மற்றவை தாக்குப்பிடித்தன. சூட்டில் பசை வறண்டு சுருங்குவதே காரணம். பழைய குழாயில் இந்த டேப் உரிந்து தொங்குவதைக் கண்டால் அதன்மேல் இன்னொரு சுற்று ஒட்டாமல், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கைக்கு எட்டும் இடங்களுக்கு மாஸ்டிக்கே என் முதல் தேர்வு. தூரிகையால் பூசும் இந்தக் கெட்டிப் பசை, காய்ந்த பின்னும் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால், சூட்டில் தகடு விரிந்து சுருங்கும்போது விரிசல் விடுவதில்லை. முழங்கை வளைவின் மடிப்புகள், கிளைக்குழாய் பிரியும் கழுத்து போன்ற ஒழுங்கற்ற பரப்புகளில் டேப் சுருக்கம் விழுந்து வாய் திறக்கும். மாஸ்டிக் அங்கெல்லாம் படிந்து உட்காரும். சுமார் 2 மி.மீ. கனத்தில், உள்ளே இருக்கும் தகடு தெரியாத அளவுக்குப் பூச வேண்டும். இடுக்கு 6 மி.மீ.க்கு மேற்பட்டால், முதலில் கண்ணாடியிழை வலைத் துண்டைப் பதித்து அதன்மேல் பூச வேண்டும். இல்லையேல் காய்வதற்குள் பசை வழிந்துவிடும். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மாஸ்டிக் அடைக்குமே தவிரப் பிடித்து நிறுத்தாது. இணைப்புகளைத் திருகாணியால் இறுக்கிய பிறகே பூச வேண்டும். வேலை மெதுவானது, கை அழுக்காகும், ஒரு நாள் காய விட வேண்டும். ஆயினும் சாதாரணமான ஒருவர் செய்தாலும் நன்றாக வருவது இந்த வேலைதான்.

ஃபாயில் டேப்பின் நிலை வேறு. காற்றுக்குழாய்ப் பொருள்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலையான யூஎல் 181 முத்திரை உள்ள அலுமினிய டேப் நல்ல பொருளே. ஆனால் அதன் வெற்றி முழுவதும் பரப்பைத் தயாரிப்பதில் இருக்கிறது. தகட்டில் ஆலை எண்ணெயோ தூசியோ ஈரமோ இருந்தால் பசை பற்றாது. துடைத்து, உலர்த்தி, ஒட்டிய பின் தட்டையான பட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பல ஆண்டுத் தூசி படிந்த உட்கூரை வெளியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இதை ஒழுங்காகச் செய்பவர் அரிது. நேரான, புதிய தகட்டு இணைப்புகளுக்கும், பராமரிப்புக்காக அவ்வப்போது திறக்க வேண்டிய விசிறிப் பெட்டியின் கதவு ஓரங்களுக்கும் இது மாஸ்டிக்கைவிடப் பொருத்தம். ஏனெனில் மாஸ்டிக் பூசிய கதவை அடுத்த முறை உடைத்துத்தான் திறக்க நேரும்.

மூன்றாவது வழி உள்ளிருந்து அடைப்பது. 1990களில் அதே பெர்க்லி ஆய்வகத்தில் மார்க் மொடேராவும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய ஏரோசால் முறையில், எல்லா அறைகளின் காற்று வாய்களையும் தற்காலிகமாக மூடி, இயந்திரத்தையும் குளிர்ச்சிச் சுருளையும் தனியே தடுத்துவிட்டு, பாலிமர் நுண்துகள்கள் மிதக்கும் காற்றைக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். வெளியேற வேறு வழியில்லாத காற்று ஓட்டைகளை நோக்கி விரைய, துகள்கள் ஓட்டையின் விளிம்பில் ஒட்டி ஒட்டி அதனை மூடுகின்றன. கசிவு குறைந்துகொண்டே வருவதைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டே வேலை நடக்கும். சுவருக்குள்ளும் மாடித் தளத்துக்குள்ளும் புதைந்த குழாய்க்குச் சுவரை உடைக்காமல் இதைச் செய்ய முடிவது பெரிய நன்மை. ஆயினும் சுமார் 16 மி.மீ. வரையிலான ஓட்டைகளே இதற்கு எல்லை. கழன்ற குழாயை இது சேர்க்காது, நசுங்கியதை நிமிர்த்தாது, சிறிதாகப் போட்ட குழாயைப் பெரிதாக்காது. கையால் செய்யும் முறையைவிடச் செலவும் மிகுதி. எட்டும் இடங்களைக் கையால் அடைத்துப் பெரிய குறைகளைத் தீர்த்த பிறகு எஞ்சியிருப்பதற்கு இதைப் பயன்படுத்துவதே முறை. முதலிலேயே இதைக் கொண்டு தொடங்குவது, விலை உயர்ந்த துகளைத் தூரிகை செய்யக்கூடிய வேலைக்குச் செலவிடுவதாகும்.

எந்த முறையாயினும், வேலைக்கு முன்னும் பின்னும் குழாயை 25 பாஸ்கல் அழுத்தத்துக்கு உட்படுத்திக் கசிவை அளந்து எழுதித் தரும்படி ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். அளக்காமல் அடைத்ததை அடைபட்டது என்று நம்புவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

பழைய வீடுகளில் இணைப்புகளின் மேல் வெள்ளைக் காகிதம் போன்ற பட்டை சுற்றியிருந்தால், அது நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இழையாக இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ கிழிக்கவோ கூடாது. தகுதி பெற்றவர் பார்க்கும்வரை வேலையை நிறுத்துவதே சரி.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

தகட்டுக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழாதவரை பெரும்பாலும் பழுது பார்க்கத் தக்கதே. நெளிகுழாய் என்னும் ஃபிளெக்ஸ் டக்ட் அப்படியன்று. உள்படலம் கிழிந்தாலோ, வெளிஉறை உடைந்து காப்புப் பஞ்சு நனைந்தாலோ, எலிகள் கடித்திருந்தாலோ, அந்தத் துண்டை மாற்றுவதே மலிவு. புதிதாகப் போடும்போது இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு, போடுபவரின் கவனத்தைப் பொறுத்தது என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தகடு வழவழப்பாக இருப்பதால் உராய்வு குறைவு, ஆயுள் மிகுதி; ஆனால் இணைப்புகள் பல, ஒவ்வொன்றும் கசியும் வாய்ப்புள்ளது, காப்பும் தனியே சுற்ற வேண்டும். நெளிகுழாயில் இடை இணைப்புகள் குறைவு, காப்பும் உடன் வருகிறது. ஆனால் முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டாமல் விட்டால் உள்ளே மடிப்புகள் எழுந்து உராய்வு பல மடங்காகிவிடும். 1.2 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்றாக அகலமான பட்டையால் தாங்கி, தொய்வின்றி, வளைவின் ஆரம் குழாய் விட்டத்துக்குக் குறையாமல் போட்டால் அது நன்றாகவே உழைக்கும். மெல்லிய கம்பியால் கட்டி இடுப்பு ஒடுங்கிய நிலையில் தொங்கும் நெளிகுழாய்களால் எத்தனையோ வீடுகளில் ஓர் அறை மட்டும் எப்போதும் புழுங்குகிறது. அதற்காக இன்னும் பெரிய இயந்திரம் வாங்கச் சொல்வது வீட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரே அளவு காற்றை அனுப்பும்போது, குழாயின் விட்டத்தை 15 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்கு உயர்த்தினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ரிட்டர்ன் குழாய் ஏற்கெனவே சிறிதாக இருந்து, அதன் கசிவுகளின் வழியே விசிறி மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், கசிவை அடைத்ததும் அழுத்தம் ஏறிக் காற்றோட்டம் குறையும். அத்தகைய வீட்டில் அடைப்பதோடு நிறுத்தாமல் இன்னொரு ரிட்டர்ன் வாயும் சேர்க்க வேண்டும். பயன்படாத அறையின் சப்ளை வாயை மூடி வைப்பதும் இதே காரணத்தால் தவறு. அழுத்தம் கூடி மற்ற இடங்களின் கசிவு பெருகும்.

குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் சேவையை அடைப்பு வேலைக்கு மாற்றாகக் கருத வேண்டாம். பூஞ்சை கண்ணால் தெரிந்தாலோ, எலி, பூச்சிகள் குடியேறியிருந்தாலோ, தூசி அடைத்து வாய் வழியே வெளியே வந்தாலோ அது தேவை. வழக்கமான சுத்தம் நோயைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கூறுகிறது.

அடைத்த வீட்டுக்குக் காற்று எங்கிருந்து

கசிவுகளை அடைத்ததும் வீட்டுக்குள் தற்செயலாக வந்துகொண்டிருந்த வெளிக்காற்று குறைகிறது. அந்தக் காற்று அழுக்கான வழியில் வந்தது என்பதால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அதன் இடத்தில் திட்டமிட்ட காற்றோட்டத்தை வைத்தாக வேண்டும். அமெரிக்கக் குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வீடுகளின் காற்றோட்டத்துக்கு வகுத்த 62.2 தரநிலையின் கணக்குப்படி, தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வினாடிக்கு 0.15 லிட்டரும், படுக்கையறை எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி வரும் ஒவ்வொருவருக்கும் 3.5 லிட்டரும் தேவை. இரண்டு படுக்கையறைகள் கொண்ட 100 சதுர மீட்டர் வீட்டுக்கு இது வினாடிக்கு 25.5 லிட்டராகிறது.

இதைத் தருவதற்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. வெளியேற்றும் விசிறியை மட்டும் ஓடவிடுவது மிக எளிது, மிக மலிவு. ஆனால் உள்ளே வரும் காற்று எந்த வழியே வரும் என்பது நம் கையில் இல்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அது சுவரின் உட்புறம் வழியே ஈரத்தை இழுத்துவந்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். புகைபோக்கிக் கருவிகள் உள்ள வீட்டில் அபாயமும் உண்டு. வெளியிலிருந்து ஒரு குழாயை ரிட்டர்னில் இணைத்து வடிகட்டிய காற்றை உட்செலுத்துவது அத்தகைய தட்பவெப்பத்துக்கு இதைவிட ஏற்றது. ஆனால் கடுங்குளிர் நாடுகளில் வீட்டின் ஈரக்காற்றைச் சுவருக்குள் தள்ளும், பெரிய விசிறி அதிக நேரம் ஓடுவதால் மின்செலவும் கூடும்.

மூன்றாவது, சமநிலைக் காற்றோட்டம். வெளியேறும் காற்றும் உள்ளே வரும் காற்றும் கலக்காமல் ஒன்றையொன்று கடந்து வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் எச்ஆர்வி, வெப்பத்தோடு ஈரத்திலும் ஒரு பகுதியைப் பரிமாறும் இஆர்வி என இரு வகைகள் உள்ளன. குளிர் மிகுந்து உள்ளே ஈரம் சேரும் வீட்டுக்கு முன்னதும், வெளியே புழுக்கம் மிகுந்த இடத்துக்குப் பின்னதும் பொருந்தும். இஆர்வி ஈரத்தை அகற்றும் கருவி என்று விற்கப்படுவதுண்டு, அது உண்மையன்று. உள்ளே வரும் ஈரத்தைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஈரத்தை அது போக்காது. செலவு மூன்றிலும் இதற்கே அதிகம், வடிகட்டிகளையும் தவறாமல் கவனிக்க வேண்டும். இருந்தும், கசிவை நன்றாக அடைத்த வீட்டில் வசதி இருப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டியது இதுவே என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இவற்றுள் எதை வைத்தாலும் குளியலறைக்கும் சமையலறைக்கும் தனி விசிறி வேண்டும்: விட்டு விட்டு ஓடுவதாயின் முன்னதற்கு வினாடிக்கு 25 லிட்டர், அடுப்பின் மேலுள்ள புகைக்கூண்டுக்கு 50 லிட்டர் என்பது அதே தரநிலையின் அளவு. அவற்றின் குழாய் வழவழப்பான தகட்டாலானதாக, கூடியவரை நேராக, கட்டாயமாக வெளிச்சுவரையோ கூரையையோ கடந்து முடிய வேண்டும். உட்கூரை வெளியிலேயே வாய் திறந்து விடப்பட்ட குளியலறைக் குழாய், மேலே உள்ள மரச்சட்டத்தை மெல்ல மெல்ல உளுத்துப்போகச் செய்யும். விசிறியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு குழாயின் மறுமுனையில் கிடைப்பது அரிது என்பதால், பொருத்தியவர் கிளம்பும் முன் காற்றின் ஓட்டத்தை விசிறியின் வாயிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.