லாமாவா, அல்பாக்காவா: எங்கள் தேர்வும் அதற்கான காரணமும்

வேல்ஸ் மலைச்சரிவில் நான்கு ஏக்கர் புல்வெளி எங்கள் கைக்கு வந்தபோது, அதில் லாமா வளர்ப்பதா அல்பாக்கா வளர்ப்பதா என்று நானும் என் மனைவியும் ஓராண்டுக் காலம் யோசித்தோம். இறுதியில் காயடித்த லாமாக்கள் மூன்றை வாங்கினோம்; ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பக்கத்துப் பண்ணைக்காரரின் அல்பாக்காக்களை இரண்டு குளிர்காலங்கள் பார்த்துக்கொண்டதுதான் மறுபக்கத்தைப் பற்றிய என் அனுபவம்.

இரண்டும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் பழக்கப்படுத்தப்பட்ட, ஒட்டகக் குடும்பத்து விலங்குகள். லாமா 130 முதல் 200 கிலோ வரை இருக்கும். அல்பாக்கா பெரும்பாலும் 85 கிலோவைத் தாண்டாது. இரண்டுக்கும் துணை வேண்டும். இரண்டும் ஓரிடத்திலேயே புழுக்கை போடுவதால் புல்வெளியைச் சுத்தம் செய்வது எளிது. துப்புவதும் பெரும்பாலும் தீவனச் சண்டையில் தமக்குள்தான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது உரோமம். அல்பாக்காவின் உரோமம் தானாக உதிராமல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால், கோடை முற்றுவதற்குள் ஆண்டுதோறும் கத்தரித்தே ஆக வேண்டும். தவறினால் வெயிலில் விலங்கு துவண்டுவிடும். கால்களைக் கயிற்றால் நீட்டிக் கட்டிக் கத்தரிக்கும் இந்த வேலைக்குப் பழகிய ஆள் வேண்டும், நாலைந்து விலங்குகளுக்காக அவரை வரவழைக்கும் செலவோ தலைக்குக் கணக்கிட்டால் கனமாகவே விழுகிறது. குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல் எழுகிறது. இங்கே தாழ்ந்து நகரும் சூரியனின் ஒளி அடர்ந்த உரோமத்தைத் தாண்டித் தோலை எட்டாததால், வைட்டமின் டி குறைந்து குட்டிகளின் கால்கள் வளையக்கூடும். லாமாவுக்கும் இந்தக் குறைபாடு வரும்; நாங்களும் மருந்து கொடுக்கிறோம்.

அதைவிட என்னை உறுத்தியது, அந்த உரோமம் உடல் மெலிவை மறைத்துவிடுவது. இரண்டாவது குளிர்காலத்தில், பார்வைக்குக் கொழுகொழுவென்றிருந்த ஓர் அல்பாக்காவின் முதுகில் தற்செயலாகக் கைவைத்தபோது எலும்பு கத்திமுனைபோல் தட்டுப்பட்டது; குடற்புழுக்கள் அதை வாரக்கணக்கில் தின்றிருந்தன. எங்கள் லாமாக்கள் குட்டை உரோம வகையைச் சேர்ந்தவை. வசந்தத்தில் அவற்றின் உள்ளுரோமம் தளர்ந்து சீப்போடு வந்துவிடுகிறது. உடல் இளைத்தால் பத்தடி தூரத்திலேயே தெரிகிறது. நீண்ட உரோமமுள்ள லாமாவை வாங்கினால் இந்த வசதி கிடைக்காது.

நகம் வெட்டுவதில் அல்பாக்காவே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருவர் சேர்ந்தால் அதைப் பிடித்துவிடலாம். 150 கிலோ லாமா தானே மனமுவந்து காலைத் தர வேண்டும்; எங்கள் மூன்றையும் அதற்குப் பழக்க நான்கு மாதங்கள் பிடித்தன.

அந்தப் பழக்கத்தின் பலனை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அனுபவிக்கிறோம். தேநீர்க் குடுவை, விரிப்பு, மழைக்கோட்டு என இருபது கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு லாமா எங்களோடு மலையேறுகிறது. சுமை மிஞ்சினால் உட்கார்ந்துவிடும், எடுத்தால்தான் எழும். ‘ம்ம்’ என்ற அதன் மெல்லிய முனகலைக் கேட்டபடி நடக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குட்டி ஈனச் செய்வது பற்றி நான் பேசத் தகுதியற்றவன். நூல் நூற்க விரும்புபவர்களுக்கு அல்பாக்காதான். அதன் உரோமத்தின் மென்மையை லாமாவின் உரோமம் தராது. எதை வாங்கினாலும், விலை பேசும் முன் முதுகெலும்பின் மீது கையை அழுத்தி வைத்துப் பாருங்கள்.