தனி வியாபாரமா, ஒருநபர் கம்பெனியா? பாம்பன், மண்டபம் மீன் வியாபாரிக்கு எது கட்டுப்படி?

விற்பனை கோடியைத் தாண்டியதும் “கம்பெனி ஆக்கிவிடுங்கள், வரி குறையும்” என்ற ஆலோசனை வந்துவிடும். நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதியாளருக்கு அனுப்பும் ஒற்றை ஆள் வியாபாரத்துக்கு அது தவறான காரணம். ஓபிசி எனப்படும் ஒருநபர் கம்பெனியின் பலன் கடன் பொறுப்பில் இருக்கிறது. வரியில் தேடினால் பெரும்பாலும் கையைச் சுடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தனி வியாபாரி உத்தேச வருமானத் திட்டத்தில் வரி கட்டலாம். விற்பனை 2 கோடி வரை இது செல்லும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை. 1.5 கோடி விற்பனை முழுவதும் வங்கி வழியே வந்திருந்தால் 6 சதவீதம், அதாவது 9 லட்சம் லாபம் என்று காட்டினால் போதும். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. கணக்குத் தணிக்கையும் வேண்டாம். ஆனால் மீனைச் சொந்தமாக வாங்கி விற்பவருக்குத்தான் இது. ஏலம் விட்டுக் கமிஷன் மட்டும் எடுப்பவருக்கு இந்தத் திட்டம் கிடையாது. பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

கம்பெனிக்கு இந்தத் திட்டம் அறவே இல்லை. முதல் ரூபாயிலிருந்தே வரி: 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சர்சார்ஜ், செஸ் சேர்ந்து 25.168 சதவீதம்.

லாபம் 30 லட்சம் என்று வைப்போம். தனி வியாபாரிக்கு வரி 4,99,200 ரூபாய். ஓபிசியில் உரிமையாளர் 12 லட்சம் சம்பளம் எடுத்தால், வேறு வருமானம் இல்லாதவரை அதற்கு வரி இல்லை. மீதி 18 லட்சத்துக்குக் கம்பெனி கட்டுவது 4,53,024. மிச்சம் 46,176. ஆடிட்டர் கட்டணத்திலேயே அது கரைந்துவிடலாம். அந்த லாபத்தை டிவிடெண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தால் சொந்தப் பேரில் இன்னும் சுமார் 3.34 லட்சம் வரி விழும். லாபத்தை ஐஸ் பெட்டி, குளிர்சாதன வண்டி என்று தொழிலுக்குள்ளேயே போடுபவருக்குத்தான் கம்பெனி வரி விகிதம் உதவும்.

இனி பொறுப்பு. தனி வியாபாரத்தில் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே சட்டத்தில் சுவரே இல்லை. ஒரு லோடு நண்டு தரம் குறைவென்று திரும்பி, ஐஸ் பேக்டரிக்கும் படகுக்காரர்களுக்கும் பாக்கி நின்றால், அவர்கள் வழக்குப் போட்டு வீட்டு மனை வரை வரலாம். ஓபிசியில் போட்ட பங்கு முதலோடு நஷ்டம் நிற்கும்.

அந்தச் சுவரிலும் ஓட்டைகள் உண்டு. வங்கி சொந்த ஜாமீன் கேட்கும். கையெழுத்திட்டால் அந்தக் கடனுக்கு வீடும் பொறுப்பு. செக் திரும்பினால் கம்பெனியோடு டைரக்டர் மீதும் வழக்கு. கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வருமான வரி, ஜிஎஸ்டி பாக்கியை, தன் அலட்சியத்தால் அல்ல என்று நிரூபிக்காத டைரக்டரிடம் வசூலிக்கலாம். ஆகவே உங்கள் கடன் முழுக்க வங்கியிடம் என்றால் ஓபிசி காப்பது கொஞ்சமே. சரக்குக் கடன் அதிகமென்றால் நன்றாகக் காக்கும்.

கம்பெனி தடுமாறுவது கல்லாவில். வீட்டுச் செலவுக்குக் கம்பெனிப் பணத்தை எடுத்தால் அது டிவிடெண்டாகக் கருதப்பட்டு வரி வரலாம். கரையில் ரொக்கமாக வாங்குவதற்கும் ஆதாரம் வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் செலவாக ஏற்கமாட்டார்கள். மீனவருக்கும், கரையிலேயே பாட்டை (பிடித்த மீனை) பிரித்து விற்கும் மீனவர் தலைவருக்கும் கொடுப்பதற்கு விலக்கு உண்டு. இடைத்தரகருக்குக் கொடுத்தால் இல்லை. எனவே ஒவ்வொரு வவுச்சரிலும் மீனவர் பெயர், படகுப் பதிவு எண், வகை, எடை, கிலோ விலை, கையெழுத்து இருக்கட்டும். படகுக்காரர்களுக்குக் கொடுத்து வைத்த முன்பணத்துக்கும் ஆடிட்டர் எழுத்து கேட்பார், வாய்ச்சொல் போதாது.

விற்பனையே இல்லாவிட்டாலும் ஓபிசிக்குத் தணிக்கை கட்டாயம். பதிவான 180 நாளுக்குள் பங்கு முதலை வங்கியில் போட்டு, தொழில் தொடங்குவதை அறிவிக்கும் ஐஎன்சி-20ஏ படிவத்தைத் தாக்கல் செய்யவேண்டும். ஆண்டுக் கணக்குக்கான ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7ஏ தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஆண்டுப் பொதுக்கூட்டம் மட்டும் தேவையில்லை.

எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கு இரண்டு பேர் வேண்டும், வரி 31.2 சதவீதத்தில் தொடங்கும், உத்தேச வருமானத் திட்டமும் இல்லை. ஒற்றை ஆளுக்கு அது சரிவராது.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய் இருக்கும் இந்தியக் குடிமக்களும் 2021 ஏப்ரல் 1 முதல் ஓபிசி தொடங்கலாம்; ஆனால் நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கிய ஒரு டைரக்டர் வேண்டும். நாமினியாக ஒருவரைத் தொடக்கத்திலேயே எழுதியாக வேண்டும். உரிமையாளர் இறந்தால் கம்பெனி அந்த நாமினி கைக்கு மாறித் தொழில் ஓடும். தனி வியாபாரத்தில் ஜிஎஸ்டியிலிருந்து வங்கிக் கணக்கு வரை வாரிசுகள் அலையவேண்டும். குடும்பத்தில் தொழிலைத் தொடர ஆள் இருந்தால், ஓபிசிக்கு நான் சொல்லும் வலுவான காரணம் இதுதான்.

மாறுவதென்று முடிவெடுத்தால் பழைய உரிமங்கள் தானாகக் கம்பெனிக்கு மாறாது. பான், ஜிஎஸ்டி, உணவு உரிமம், ஏற்றுமதி எண் எல்லாம் கம்பெனி பெயரில் புதிதாக எடுக்கவேண்டும். ஏற்கெனவே உங்கள் பேரில் நிற்கும் பாக்கி, கடன் கொடுத்தவர் எழுதித் தராதவரை உங்கள் பேரிலேயே நிற்கும். அதை முதலில் தீர்த்துவிட்டு, புதிய பில் புத்தகத்தில் முதல் கொள்முதலைத் தொடங்குங்கள்.